காண்டத்தை விடுமுன் எங்கே பரிசோதிப்பது? நம்பிக்கை மையம், சுகவாழ்வு மையம், தனியார் லேப் பேனல்

திருமணம் ஆகாமல், ஆனால் ஒருவருக்கொருவர் உறுதியாக இருக்கும் இருவர், இனி காண்டம் வேண்டாமே என்று பேச ஆரம்பிக்கும்போது தமிழ்நாட்டில் அவர்கள் போகக்கூடிய இடங்கள் மூன்று. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. ஆலோசனைக்கும் பரிசோதனைக்கும் இருக்கும் நம்பிக்கை மையம். பெரும்பாலும் அதே வளாகத்தில், பால்வினை நோய்களுக்காக இருக்கும் சுகவாழ்வு மையம். பிறகு, வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுத்துப்போகும் தனியார் லேப். எது எதற்கு உதவும், எது எந்த இடத்தில் கைவிடும் என்று மூன்றையும் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எச்.ஐ.வி.க்கும் சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும் அரசு மையங்களுக்கே போங்கள். செலவில்லை என்பது ஒரு காரணம். அங்கே கிடைக்கும் ஆலோசனை வேறெங்கும் எளிதில் கிடைக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம். கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகள் இரண்டுக்கும் தனியார் லேபுக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஆனால் பல பால்வினை நோய்ப் பரிசோதனைகளை 'எஸ்.டி.டி. பேனல்' என்று மொத்தமாக விற்கும் தொகுப்பை அப்படியே வாங்காதீர்கள். அதில் உள்ள சில பரிசோதனைகள் தேவையில்லாத சந்தேகத்தைக் கிளப்பி, நன்றாக இருக்கும் இருவரைப் பிரித்துவிடக்கூடியவை.

நாள் கணக்கு

எந்த மையம் நல்லது என்பதற்கு முன்னால், எந்தத் தேதியில் போகிறீர்கள் என்று பாருங்கள். தொற்று உடலுக்குள் வந்த நாளுக்கும் அது பரிசோதனையில் தெரியவரும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. விண்டோ பீரியட் என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். நம்பிக்கை மையத்தின் ரேபிட் டெஸ்ட், எச்.ஐ.வி.க்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. பெரும்பாலோருக்கு 4 முதல் 6 வாரத்தில் அது தெரியத் தொடங்கும். ஆனாலும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல 3 மாதம் முடிய வேண்டும். தனியார் லேப்களில் கிடைக்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை, ஆன்டிபாடியோடு பி24 என்ற வைரஸ் புரதத்தையும் சேர்த்துத் தேடுகிறது. நரம்பிலிருந்து எடுத்த ரத்தத்தில் லேபில் செய்தால் 45 நாளிலேயே உறுதியான பதில் தரும். சிபிலிஸுக்கு 3 மாதம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி பெரும்பாலும் 4 வாரத்தில் தெரியும், சிலருக்கு 9 வாரம்வரை ஆகும். கொனோரியாவும் கிளமிடியாவும் 2 வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த நாட்களை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். இருவரும் முதன்முதலில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணக் கூடாது. ஒவ்வொருவரும் தனக்கு இந்த உறவுக்கு வெளியே கடைசியாக நடந்த உடலுறவிலிருந்து எண்ண வேண்டும். அவளுடைய முந்தைய உறவு நவம்பர் 10-இல் முடிந்தது, அவனுடையது டிசம்பர் 5-இல் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பிந்தைய தேதி டிசம்பர் 5. ஆக, மார்ச் 5-க்குப் பிறகு இருவரும் ஒரே நாளில் பரிசோதித்தால் இருவருடைய முடிவையும் முழுதாக நம்பலாம். அதுவரை இருவருக்கும் நடுவே காண்டம் இருக்க வேண்டும்.

இடையில் ஓரிருமுறை காண்டம் இல்லாமல் நடந்துவிட்டால் கணக்கை மறுபடி தொடங்க வேண்டுமா? இருவருக்குமே வெளியுறவு இல்லாமல் 3 மாதம் முடிந்து, இருவர் முடிவும் நெகட்டிவ் என்று வந்தால், இருவரிடமும் தொற்று இருந்ததே இல்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போக எதுவும் இருந்திருக்காது. ஆகவே தேவையில்லை. இந்தத் தர்க்கம் நிற்க இரண்டு ரிப்போர்ட்டும் வேண்டும். ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டு 'எனக்கு இல்லை, அப்படியானால் உனக்கும் இல்லை' என்பது பெரிய பிழை. எச்.ஐ.வி. ஒவ்வொரு உறவிலும் தொற்றிவிடுவதில்லை. சிகிச்சையில் இல்லாத ஆணிடமிருந்து பெண்ணுக்கு யோனிவழி உறவில் தொற்றும் வாய்ப்பு, மதிப்பீட்டின்படி 10,000 தடவைக்கு 8 தடவை. பல மாதம் சேர்ந்து வாழ்ந்த பிறகும் ஒருவர் பாசிட்டிவாகவும் மற்றவர் நெகட்டிவாகவும் இருப்பது சாதாரணமாக நடக்கக்கூடியது.

நம்பிக்கை மையம்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது சென்னையில். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த வேலை அது. மாநில அளவிலான எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் நாட்டிலேயே முதலில் அமைந்ததும் இங்கேதான், 1994-இல். அந்த முன்னோடித்தனத்தின் பலன் இன்றும் கிடைக்கிறது: மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, தாலுகா மருத்துவமனை, பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் என்று நம்பிக்கை மையம் பரவியிருக்கிறது. சொந்த ஊரில் தெரிந்தவர் பார்ப்பார்கள் என்ற கவலை இருந்தால் பக்கத்து ஊர் மையத்துக்குப் போகலாம்.

உள்ளே நடப்பது இதுதான். பெயர், வயது, முகவரி, போன் எண் பதிவாகும். ஓர் எண் தருவார்கள், அதன்பின் சாம்பிள் அந்த எண்ணோடு போகும். பிறகு ஆலோசகர் தனியாக உட்காரவைத்துப் பேசுவார். கடைசியாக எப்போது உறவு, காண்டம் இருந்ததா, புண், வெள்ளைப்படுதல், ஊசிவழிப் போதைப் பழக்கம் உண்டா என்று கேட்பார். இந்தக் கேள்விகள் நாள் கணக்கை முடிவு செய்வதற்காகக் கேட்கப்படுபவை. மழுப்பினால் நஷ்டம் உங்களுக்கே. ஒப்புதல் வாங்கியபின் ரத்தம் எடுப்பார்கள். பெரும்பாலும் அன்றே முடிவு தெரியும். முடிவைக் கையில் கொடுக்கும்போது மறுபடி ஆலோசகர் பேசுவார். இந்த இரண்டு பேச்சும் மையத்தின் தயவில் நடப்பவை என்று நினைக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தருவது ஒப்புதலின் ஒரு பகுதி.

முதல் கிட்டில் 'நான்-ரியாக்டிவ்', அதாவது ஆன்டிபாடி தெரியவில்லை என்று வந்தால் அதுவே முடிவு. 'ரியாக்டிவ்' என்று வந்தால் உடனே பாசிட்டிவ் என்று சொல்லிவிட மாட்டார்கள். வேறு முறையில் வேலை செய்யும் இன்னும் இரண்டு கிட்களில் அதே சாம்பிளைப் பார்ப்பார்கள். மூன்றும் ஒத்துப்போனால்தான் பாசிட்டிவ். ஒன்றுக்கொன்று முரணாக வந்தால், சில வாரம் கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். இந்த முறைக்காகவே நம்பிக்கை மையத்தை முதலிடத்தில் வைக்கிறோம். தொற்று அரிதாக உள்ள மக்கள் கூட்டத்தில் எந்த ஒற்றைக் கிட்டும் சில பொய் பாசிட்டிவைக் காட்டத்தான் செய்யும். தனியார் லேபின் ஒற்றை ஸ்கிரீனிங் முடிவு வாட்ஸ்அப்பில் வந்து விழுந்து, இரவு முழுக்க இருவர் அழுதுவிட்டு, மறுநாள் பொய் பாசிட்டிவ் என்று தெரியவருவது யாருக்கும் நேரக் கூடாத கொடுமை.

இருவரும் சேர்ந்து போகலாம். ஆனால் ஆலோசகர் முதலில் தனித்தனியாகத்தான் பேசுவார். ரிப்போர்ட்டும் அவரவர் கையில்தான் தரப்படும். இருவரும் விரும்பினால் மட்டும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவார்கள். இந்த முறை மிகச் சரியானது. சொல்ல முடியாத ஏதோ ஒன்று ஒருவரிடம் இருந்தால் அதைச் சொல்ல ஒரு மூடிய அறை அவருக்குக் கிடைக்கிறது.

கணவன் மனைவி என்று பொய் சொல்லிப் போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. சொன்னால் கேள்விகள் குழந்தை, கர்ப்பம் என்று வேறு பக்கம் போய்விடும். உங்களுக்குத் தேவையான ஆலோசனை தவறிவிடும். 'கல்யாணம் ஆகவில்லை. ஒரே துணைதான். காண்டத்தை விடலாமா என்று பார்க்க வந்திருக்கிறோம்' என்றால் போதும். சில இடங்களில் முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். ஆலோசகரின் மனப்பாங்கு மையத்துக்கு மையம் மாறும், இந்தச் சேவையின் உண்மையான பலவீனம் அது. அறிவுரை ஆரம்பித்தால் பணிவாகத் தடுத்து, பரிசோதனையைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

மற்ற குறைகள்: காலை ஓ.பி. நேரத்துக்குள் போய்விட வேண்டும், வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சிரமம். திங்கட்கிழமை கூட்டம் நெரியும், அன்று தவிர்க்கலாம். பெயர்ப்பலகைக்குக் கீழே வராந்தா பெஞ்சில் காத்திருக்க வேண்டியிருப்பது கூச்சம் தரும். முக்கியமாக, இங்கே பார்ப்பது ஆன்டிபாடி மட்டும் என்பதால் 45 நாள் கணக்கு இங்கே செல்லாது, 3 மாதம்தான்.

சுகவாழ்வு மையம்

பால்வினை நோய்க்கான அரசு மருத்துவப் பிரிவுக்கு இங்கே இந்தப் பெயர். சிபிலிஸுக்கான ரத்தப் பரிசோதனையை இங்கே கேளுங்கள். புண், சீழ், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, தொடையிடுக்கில் நெறி என்று ஏதாவது இருந்தால் முதலில் வர வேண்டிய இடமும் இதுவே.

மருந்து, அறிகுறிக்கு ஏற்ப நிறம் பிரித்த உறைகளில் தரப்படும். சிறுநீர்க்குழாயிலிருந்து சீழ் வந்தால் சாம்பல் நிற உறை: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்ஸிம் 400 மில்லிகிராம், இரண்டும் ஒரே வேளை. யோனியில் வெள்ளைப்படுதலுக்குப் பச்சை உறை: செக்னிடசோல், ஃப்ளூகோனசோல். வலியில்லாத புண்ணுக்கு வெள்ளை உறையும் பென்சிலின் ஊசியும். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு நீலம், ஹெர்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு. இதையெல்லாம் எழுதுவது நீங்களே மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொள்வதற்காக அல்ல. கையில் என்ன தரப்படுகிறது என்று புரிந்துகொண்டு கேள்வி கேட்பதற்காக. அரைகுறையாகப் போட்ட ஆன்டிபயாடிக்கால் கொனோரியா மருந்துக்குக் கட்டுப்படாமல் போவது உலகம் முழுக்க வளர்ந்துவரும் பிரச்சினை. மருந்து சாப்பிட்டு ஒரு வாரம் ஆகியும் சீழ் நிற்கவில்லை என்றால் திரும்பப் போயே ஆக வேண்டும்.

இந்த மையத்தின் பெரிய பலம், துணைக்கும் சேர்த்தே சிகிச்சை தருவது. ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் ஒரு மாதத்தில் மற்றவரிடமிருந்து அதே தொற்று திரும்பி வரும்; 'இப்போது எங்கிருந்து வந்தது' என்று புதுச் சண்டை ஆரம்பிக்கும். இருவரும் ஒரே நாளில் மருந்து எடுத்து, அதன்பின் 7 நாள் உறவைத் தவிர்த்தால் அந்தச் சுற்று நிற்கும். துணையை நேரில் அழைத்துவரத் தயக்கமாக இருந்தால் அதை ஆலோசகரிடம் சொல்லுங்கள். துணைக்குக் கொடுத்தனுப்ப ஒரு சீட்டு தருவார்கள்.

பலவீனம்: அறிகுறியை வைத்தே மருந்து தருவது இந்த முறையின் அடிப்படை. கிளமிடியா தொற்றிய பெரும்பாலான பெண்களுக்கும் பல ஆண்களுக்கும் அறிகுறியே இருக்காது. ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு கருக்குழாய் அடைப்பில் கொண்டுபோய் விடக்கூடிய தொற்று அது. அறிகுறி இல்லாதவர் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மூன்றாவது இடத்துக்குத்தான் போக வேண்டும்.

தனியார் லேபில் கேட்க வேண்டியதும் மறுக்க வேண்டியதும்

கேட்க வேண்டியது ஒன்று: கொனோரியா, கிளமிடியா இரண்டுக்குமான, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனை. சில இடங்களில் என்.ஏ.ஏ.டி. என்பார்கள். ஆணுக்குச் சிறுநீர். அதற்கு முன் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழித்திருக்கக் கூடாது. முதலில் வரும் 20 முதல் 30 மில்லி மட்டும் டப்பாவில் பிடிக்க வேண்டும். வழக்கமான யூரின் டெஸ்டுக்குச் சொல்வதுபோல நடுப்பகுதியைப் பிடித்தால் கிருமி நழுவிவிடும். இதை லேப் ஊழியரே தவறாகச் சொல்லிவிடக்கூடும், நினைவில் வையுங்கள். பெண்ணுக்குச் சிறுநீரைவிட யோனி ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி) நல்லது, தானே எடுத்துக்கொள்ளலாம். வாய்வழி, ஆசனவழி உறவு இருந்தால் அந்தந்த இடத்திலிருந்து ஸ்வாப் எடுக்க வேண்டும். தொண்டையில் இருக்கும் கொனோரியா சிறுநீரில் தெரியாது. ஆணும் ஆணுமாக இருக்கும் இணையர் இதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். சிகிச்சைக்குப்பின் மறுபடி பார்ப்பதானால் ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். செத்த கிருமியின் மரபணுவையும் பி.சி.ஆர். பாசிட்டிவ் என்று காட்டும்.

ஹெபடைடிஸ் பி-க்கு எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையும், ஹெபடைடிஸ் சி-க்கு ஆன்டிபாடிப் பரிசோதனையும் இங்கே எடுத்துக்கொள்ளலாம். 2018-இல் தொடங்கிய தேசிய கல்லீரல் அழற்சித் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனை சிகிச்சை மையங்களிலும் இவை இலவசம். ஹெபடைடிஸ் பி இருவருக்கும் இல்லை என்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்: 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி. இன்றைய இளைஞர்களில் பலருக்குக் குழந்தைப் பருவத்தில் இந்த ஊசி போட்டிருக்க மாட்டார்கள்.

மறுக்க வேண்டியவை பல. ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். என்ற ரத்தப் பரிசோதனை முதலாவது. புதுத் தொற்றா பழைய தொற்றா என்று அதால் சொல்ல முடியாது, எந்த வகை ஹெர்பிஸ் என்றும் சொல்லாது, பொய் பாசிட்டிவும் அதிகம். ஆனால் பேனல்களில் அது வழக்கமாக இருக்கிறது. அறிகுறியே இல்லாதவருக்கு ஹெர்பிஸ் ஐ.ஜி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையும் வேண்டாம். உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு முதல் வகை ஹெர்பிஸ் உண்டு. பெரும்பாலும் சிறுவயதில் பெரியவர்கள் முத்தம் கொடுத்தபோது வந்தது. கிளமிடியாவுக்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்ப்பதும் வீண். இப்போது தொற்று இருக்கிறதா என்பதை அது சொல்லாது.

ஏழெட்டுக் கிருமிகளை ஒரே ஸ்வாப்பில் பார்க்கும் பி.சி.ஆர். பேனலில் இன்னொரு சிக்கல். யூரியாபிளாஸ்மா, கார்ட்னெரெல்லா, கேண்டிடா என்ற பெயர்கள் அதில் இருக்கும். யூரியாபிளாஸ்மா ஆரோக்கியமானவர்கள் உடலிலும் சாதாரணமாக வாழ்வது. கேண்டிடா என்பது ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலோ சர்க்கரை கூடினாலோ எந்த உறவும் இல்லாமலே பெருகும் பூஞ்சை. அறிகுறி இல்லாதபோது இவை 'டிடெக்டட்' என்று சிவப்பு எழுத்தில் வந்தாலும் மருந்து தேவையில்லை, துணையைக் குற்றம் சொல்லவும் இடமில்லை.

புக் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் கணக்கில் இருவருக்கும் சேர்த்து புக் செய்தால் இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே போனுக்குப் போகும். வீட்டு ஆப்பில் அப்பா அம்மா பெயரும் சேர்ந்திருந்தால் அவர்களுக்கும் தெரியலாம். அவரவர் எண், அவரவர் மின்னஞ்சல், அவரவர் புக்கிங். ரிப்போர்ட்டை நேரில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது. துணையின் ரிப்போர்ட்டை அவருக்கு முன்னால் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கும் கிடையாது, காதலுக்கும் கிடையாது.

பாசிட்டிவ் என்றால் துரோகம் என்று படிக்காதீர்கள்

ஒரு ரிப்போர்ட் இன்றைக்கு உடலில் என்ன இருக்கிறது என்று சொல்லும். எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று பெரும்பாலும் சொல்லாது. இதைப் புரிந்துகொள்ளாமல் முறிந்த உறவுகள் ஏராளம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஹெபடைடிஸ் பி இந்தியாவில் பலருக்குப் பிறப்பின்போது தாயிடமிருந்தோ, சின்ன வயதிலோ வந்தது. இருபத்தெட்டு வயதில் ஒருவருக்கு அது பாசிட்டிவ் என்று வந்தால் அவருடைய நடத்தையைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றே பொருள். ஹெபடைடிஸ் சி பழைய ரத்தமேற்றலாலும் சுத்தமில்லாத ஊசியாலும் வந்திருக்கலாம்.

சிபிலிஸில் இரண்டு வகைப் பரிசோதனை உண்டு. வி.டி.ஆர்.எல்., ஆர்.பி.ஆர். ஒரு வகை, சிகிச்சைக்குப்பின் இவற்றின் அளவு இறங்கும். டி.பி.எச்.ஏ. இன்னொரு வகை, எப்போதோ வந்து முழுதாகக் குணமான பின்னும் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். ஐந்து வருடம் முன்பு ஊசி போட்டுக் குணமானவருக்கு இன்று டி.பி.எச்.ஏ. பாசிட்டிவ் வருவது இயல்பு. மறுபுறம், வி.டி.ஆர்.எல். மட்டும் குறைந்த அளவில் பாசிட்டிவாக இருந்து டி.பி.எச்.ஏ. நெகட்டிவ் என்றால் அது பெரும்பாலும் பொய் பாசிட்டிவ்; கர்ப்பம், லூபஸ், சில காய்ச்சல்கள் இதற்குக் காரணமாகலாம். இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும்.

எச்.பி.வி. என்ற வைரஸ் பல வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டு மருவாக வெளிவரும். ஆண்களுக்கு அதைப் பார்க்க வழக்கமான பரிசோதனை கிடையாது. 'உனக்கு இருக்கிறதா இல்லையா, டெஸ்ட் எடு' என்று துணையை நெருக்குவதில் பயனில்லை. தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவில் தயாராகும் செர்வாவாக், 15 முதல் 26 வயதுக்குட்பட்டவருக்கு மூன்று ஊசி.

எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்று உறுதியானாலும் உறவுக்கு அது முடிவு கிடையாது. எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை அரசு மையத்தில் இலவசம். தொடர்ந்து சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியபின் உறவின்வழி மற்றவருக்குத் தொற்றாது. ஒருவர் பாசிட்டிவ், மற்றவர் நெகட்டிவ் என்றிருந்த ஐரோப்பிய ஆண் இணையர் 782 ஜோடிகளைப் பின்தொடர்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், துணையிடமிருந்து வந்ததாக ஒரு தொற்றுகூடக் கண்டறியப்படவில்லை.

துணைக்குச் சொல்வது பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் மையம் யாருக்கும் சொல்லக் கூடாது. விதிவிலக்கு ஒன்று: துணைக்குத் தொற்றும் ஆபத்து கணிசமாக இருந்து, ஆலோசனை தந்தும் நீங்கள் சொல்லப்போவதில்லை என்று தெரிந்தால், உங்களிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மருத்துவரோ ஆலோசகரோ துணைக்குச் சொல்லலாம். அந்தச் சட்டத்தில் துணை என்பது கணவன் மனைவியோடு நிற்கவில்லை. திருமணம் போன்ற உறவில் இருப்பவரும் அதில் அடக்கம். சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்தப்படுவார் என்ற நியாயமான அச்சம் இருக்கும் பெண்ணின் விஷயத்தில் அப்படிச் சொல்லக் கூடாது என்றும் சட்டம் தடுக்கிறது.

திருமணமாகாத வயதுவந்த இருவர் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்பதை 2010-இல் குஷ்பூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பயத்தில் மையத்துக்குப் போகாமல் இருக்க வேண்டாம். 18 வயது ஆகாதவர் என்றால் நிலைமை வேறு. போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தெரிவித்தே ஆக வேண்டும்.

காண்டத்தை விட்ட பிறகு

காண்டம் போனால் கர்ப்பத் தடையும் போகிறது. நெகட்டிவ் ரிப்போர்ட் வந்த சந்தோஷத்தில் இது மறந்துவிடுகிறது. மாத்திரையா, காப்பர்-டியா என்று முன்பே மகப்பேறு மருத்துவரிடம் பேசி, அது வேலை செய்யத் தொடங்கிய பின்னரே காண்டத்தை நிறுத்துங்கள். 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டிய அவசர கர்ப்பத்தடை மாத்திரை தமிழ்நாட்டின் பல மருந்துக்கடைகளில் கிடைப்பதே இல்லை, அதை நம்பித் திட்டமிட முடியாது. கரு தங்கிவிட்டால், 2021 திருத்தத்துக்குப்பின் கருக்கலைப்புச் சட்டம் 'திருமணமான பெண், கணவன்' என்ற சொற்களை எடுத்துவிட்டு 'பெண், துணை' என்றே சொல்கிறது. 20 வாரம்வரை ஒரு மருத்துவர் கருத்து போதும். 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதல் மட்டுமே தேவை, யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.

மையத்துக்குப் போகுமுன் இருவரும் பேச வேண்டியது ஒன்று உண்டு. அதை விசாரணைபோல ஆரம்பிக்காதீர்கள். 'நான் கடைசியாகப் போன வருஷம் பார்த்தேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்தே ஒருதடவை பார்த்துக்கலாமா?' என்று தன்னிலிருந்து தொடங்கினால் எதிரில் இருப்பவருக்குத் தற்காப்பு தேவைப்படாது. இன்னொன்றையும் அப்போதே பேசிவிடுங்கள்: எப்போதாவது வெளியே ஏதாவது நடந்துவிட்டால், காரணம் கேட்கும் முன்பு, அடுத்த உறவுக்கு முன்பே சொல்லிவிடுவது. 'இன்னிக்குக் காண்டம் போட்டுக்கலாம்' என்று ஒருவர் சொன்னால் அந்த இரவே விளக்கம் கேட்டு நெருக்காமல் ஒத்துக்கொள்வது. இந்த ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் உண்மை சீக்கிரம் வெளிவரும். சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்ற பயம் இருக்கும் இடத்தில் ரிப்போர்ட் வரும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

அப்படி ஏதாவது நடந்து, அதில் எச்.ஐ.வி. ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கியாக வேண்டும்; 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் நாளே போவது மிக நல்லது. அருகிலுள்ள ஏ.ஆர்.டி. மையத்திலோ தொற்றுநோய் மருத்துவரிடமோ கேளுங்கள். வீட்டில் காண்டம் திரும்ப வரட்டும். அந்த நாளிலிருந்து 3 மாதக் கணக்கு புதிதாகத் தொடங்கட்டும். 28 நாள் மருந்து எடுத்தவருக்கு, மருந்து முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். எந்த மையம் பக்கத்தில் இருக்கிறது, எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.